மூக்கில் ரத்தம் என்றான் கொலைகாரன்

அமெரிக்க கன்ட்ரி இசையை விரும்பிக் கேட்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். லூவின் பிரதர்ஸ் 1956இல் பதிவு செய்த ‘நாக்ஸ்வில் கேர்ள்’ அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டாம். சமைக்கும்போதெல்லாம் ஓடவிடுவாராம். ஒருநாள் வரிகளைக் காது கொடுத்துக் கேட்டவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். காதலியோடு மாலையில் உலாவப் போகிறவன், வழியில் கிடந்த கழியை எடுத்து அவளை அடித்தே கொல்கிறான். கூந்தலைப் பற்றி இழுத்துப்போய் ஆற்றில் வீசுகிறான். ஏன் கொன்றான் என்று பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. ‘இதை எப்படி இவ்வளவு இனிமையாகப் பாடுகிறார்கள்? இந்தக் கண்றாவி எப்படி இத்தனை காலம் நிலைத்தது?’ என்று கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இந்த வகைக் கதைப்பாட்டில் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டுதான். அவன் காதலித்தாலும் கொன்றாலும் ஜெயிலுக்குப் போனாலும் மெட்டு மாறாது. இந்தப் பாட்டு மேஜர் ஸ்கேலில், அதாவது நம் சங்கராபரணத்தின் சுரங்களில், மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளத்தில் போகிறது. சோகப்பாட்டு கேட்டால் மூளை புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து நம்மை ஆறுதல்படுத்துகிறது என்று ஒரு விளக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது ஓர் ஆய்வாளர் 2011இல் முன்வைத்த ஊகம். நிரூபணமான உண்மை மாதிரி அதைச் சொல்லிக்கொண்டு திரிவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்தப் பாட்டுக்கு வயது முந்நூறுக்கு மேல் இருக்கும். 1684இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி பக்கத்தில் ஆன் நிக்கல்ஸ் என்ற பெண்ணை ஒரு மாவுமில் தொழிலாளி கொன்றான். அவள் கர்ப்பமாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள் என்று அவளுடைய அப்பா அவனை நெருக்கினார். உடனே அச்சாகி வந்த ஒற்றைத் தாள் பாட்டு ஒன்று இதைச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில், ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்து ஊரின் மில்காரன் கதையாக, ‘பெர்க்‌ஷயர் டிராஜடி’ என்ற நீளமான பாட்டு வந்தது. பிறகு குடியேறிகளோடு கடல் கடந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குப் போய், பாதிக்கு மேல் உதிர்ந்து, ‘நாக்ஸ்வில் கேர்ள்’ ஆனது. 1937இல் புளூ ஸ்கை பாய்ஸ் இசைத்தட்டில் பாடியபோதே இந்தச் சுருங்கிய வடிவம்தான்.

1684இன் அந்தத் தாளை நான் இங்கே வீட்டிலிருந்தே பார்க்க முடிந்ததற்குக் காரணம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் சிலர் அமெரிக்க அரசின் நிதியோடு பழைய பாட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருப்பதுதான். நம்மிடமும் இதே சரக்கு உண்டே! கொலைச்சிந்து. ஊரில் ஒரு கொலை விழுந்தால், அதைப் பாட்டாக்கி மட்டக் காகிதத்தில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்றார்கள். அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும்? ரோஜா முத்தையா நூலகம் மாதிரி ஓரிரு இடங்கள் இல்லையென்றால் மொத்தமும் கரையானுக்குத்தான். ஒரு பாலம் திறப்புவிழாப் பந்தல் செலவில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெர்க்‌ஷயர் பாட்டையும் நாக்ஸ்வில் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கர்ப்பம் போய்விட்டது. கல்யாணப் பேச்சு போய்விட்டது. நீளமான விசாரணை போய், தூக்குமேடை போய், கடைசியில் ஜெயில் மட்டும் மிச்சம். ஒரு கொலை வழக்கின் முக்கியமான தகவல்கள் எல்லாம் காலி.

ஆனால் ஓர் அற்ப விஷயம் அப்படியே இருக்கிறது. கொலை செய்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் பார்த்து, துணியில் ஏது ரத்தம் என்று கேட்கிறார்கள். அவன், மூக்கில் ரத்தம் வடிந்தது என்கிறான். பழைய பாட்டில் கேட்டது வேலையாள். புதிதில் கேட்பது அம்மா. ஆள் மாறிவிட்டது, பொய் மாறவில்லை. அச்சிலும் வாயிலுமாக இத்தனை தலைமுறை தாண்டிய ஒரு பாட்டில், எதற்காகக் கொன்றான் என்பது மறந்துபோய், மூக்கு மட்டும் எப்படித் தப்பியது?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாய்மொழி மரபின் நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் ரூபின். அவரும் வாண்டா வாலஸும் 1989இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதைத் தமிழில் என் அக்கா மகளிடம் செய்து பார்த்தேன்.

“ஒரு நகை பேரு சொல்லு.”

“செயின்.”

“சரி. ‘தும்மல்’ மாதிரி ஒலிக்கிற ஒரு சொல்லு?”

கொஞ்சம் யோசித்து, “விம்மல்?” என்றாள்.

“இப்போ, ‘தும்மல்’ மாதிரி ஒலிக்கிற ஒரு நகை…”

நான் முடிப்பதற்குள் அவள் கை காதுக்குப் போய்விட்டது. “கம்மல்! இதெல்லாம் ஒரு கேள்வியா மாமா?”

ரூபின் கண்டதும் இதுதான். பொருளை மட்டும் குறிப்பாகக் கொடுத்தபோது, ஆய்வாளர்கள் மனதில் வைத்திருந்த சொல்லை நூற்றில் 14 தடவைதான் ஆட்கள் சொன்னார்கள். ஓசையை மட்டும் கொடுத்தபோது 19. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 14ஐயும் 19ஐயும் கூட்டினால் 33. வந்ததோ 97!

எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. நகைகள் ஒரு பெரிய கூட்டம், ‘ம்மல்’ சொற்கள் இன்னொரு கூட்டம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒற்றை ஆள் நிற்கிறார். அவரைத் தேடவே வேண்டாம், அவரே வந்து முன்னால் நிற்பார். ரூபின் இதோடு காட்சியையும் சேர்க்கிறார்: கண்முன் படமாக விரிகிற வரி எளிதில் மறக்காது. பாடகர் முழுப்பாட்டையும் மனப்பாடமாகத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. ஒரு வரியைப் பாடும்போது, அதன் ஓசையும் பொருளும் படமும் தாளமும் சேர்ந்து, அடுத்த வரிக்கு மிகச் சில வழிகளை மட்டும் திறந்துவிடுகின்றன.

இப்போது மூக்குக்குத் திரும்புவோம். ஆங்கிலக் கேள்வியின் கடைசியில் துணி ‘க்ளோஸ்’ என்று வருகிறது. அடுத்து வரும் பதிலும் ‘ஓஸ்’ என்று முடியவேண்டும். ரத்தம் வரக் காரணமாக இருக்கவேண்டும். கேட்பவர் நம்பும்படியான பொய்யாகவும் இருக்கவேண்டும். ‘நோஸ்’ஸைத் தவிர அங்கே எது உட்காரும்? பாடகர் அந்தச் சரணத்தையே மறந்திருந்தாலும் முதல் வரி நினைவுக்கு வந்தால் போதும், மூக்கு தானாக வரும். மூன்று பூட்டு போட்ட பெட்டி அது.

கர்ப்பத்துக்கு அப்படி ஒரு பூட்டும் இல்லை. அது காட்சி இல்லை, விளக்கம். குடும்பத்தோடு உட்கார்ந்து பாடும்போது வாய் கூசும் விஷயமும்கூட. நாசூக்கு பார்த்துத்தான் நீக்கினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் தலையில் அடித்துக் கொல்வதை நாசூக்கில்லாமல் பாடியவர்கள்தானே அவர்கள்? பிடிமானம் இல்லாத வரி தானே நழுவியது என்பதும் காரணத்தில் பாதியாவது இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபர்ட், வெக்ஸ்ஃபர்ட், லெக்சிங்டன், நாக்ஸ்வில். கொலை நாடுவிட்டு நாடு போய்விட்டது, ‘க்ஸ்’ மட்டும் உடன் போயிருக்கிறது. பொருள் விளங்காமல் ‘எக்ஸ்பர்ட் டவுன்’ என்று பாடிய மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு ஊரே கிடையாது, ஆனால் வாய்க்குப் பொருந்தியது.

ஆன் நிக்கல்ஸ் என்ற பெயரும் அப்படித்தான் நழுவியது. நாக்ஸ்வில் பெண்ணுக்குப் பெயரே இல்லை. கொன்றவனுக்கு உண்டு, வில்லி. அதுவும் அவள் உயிருக்குக் கெஞ்சும் வரியில் வருவதால்தான் நமக்குத் தெரிகிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: கரண்டியை எடுத்துக்கொண்டு இன்னொருமுறை கேளுங்கள், அம்மா கேள்வி கேட்டதற்கு அடுத்த சரணத்தை. பழைய பாட்டில் அவன் வேலையாள் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கிக்கொண்டு படுக்கப் போனான். நாக்ஸ்வில்காரனும் மெழுகுவத்தி கேட்கிறான், படுக்கைக்குப் போக. கூடவே கைக்குட்டையும் கேட்கிறான். மூக்கில் ரத்தம் என்று இப்போதுதான் சொன்னவன் கைக்குட்டையை எங்கே வைப்பான்? ஆனால் படுக்கை ஆங்கிலத்தில் ‘பெட்’ ஆயிற்றே. அடுத்த வரி ‘ஹெட்’ என்றுதான் முடிந்தாகவேண்டும். அவன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான்.