வடிகட்டி: மேலே தங்குவதும் கீழே இறங்குவதும்

காட்பாடியில் எங்கள் வீட்டில் தினமும் காலையில் இரண்டு முறை வடிக்கிற வேலை நடக்கும். முதலில் காபி. ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினால் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே இறங்குவது வேண்டும், மேலே நிற்கும் சக்கை வேண்டாம். அப்புறம் சோறு. கிச்சிலி சம்பா வெந்ததும் அம்மா வடிதட்டால் மூடிப் பானையைச் சாய்ப்பார். இங்கே மேலே நிற்கும் சோறுதான் வேண்டும், இறங்குவது கஞ்சி. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை: வடி.

மின்னஞ்சலில் வரும் கடிதங்களைப் பிரித்து ஒதுக்குவதை ‘ஃபில்டர்’ என்று சொல்கிறோமே, அதற்குத் தமிழ் தேடும்போது இந்த இரண்டு காட்சியும் மனதில் இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘ஃபெல்ட்’. கம்பளி மயிரை நெய்யாமல் நனைத்து அமுக்கித் திரட்டிய துணி அது. இடைக்கால லத்தீனில் அதன் பெயர் ஃபில்ட்ரம். திரவங்களை அதில் ஊற்றிக் கசடு நீக்கினார்கள். துணியின் பெயரே செயலின் பெயராகிவிட்டது. அதாவது அந்தச் சொல் பிறந்தது டிகாக்ஷன் பக்கம். தெளிந்து இறங்குவதுதான் அதற்குச் சரக்கு, தங்குவது கழிவு.

அஞ்சல்பெட்டி அப்படி மட்டும் நடப்பதில்லை. ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பகுதி, தைத்துக் கொடுக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து சாம்பிள் அளவு வரவில்லை என்று பதினோரு நாள் காத்திருந்தார். “பாய், ஸ்பேம்ல பாத்தீங்களா?” என்றேன். “அதுல என்னா இருக்கப் போவுது தம்பி, எல்லாம் லாட்டரிதான்” என்றார். திறந்தோம். லாட்டரிக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவே அளவுக் கடிதம் கிடந்தது. ஸ்பேம் என்பது வேண்டாத கடிதம் என்று ஜிமெயில் நினைப்பதை ஒதுக்கி வைக்கும் பெட்டி; அதில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். பிழைத்தது.

அங்கேயே ஒரு விதி போட்டோம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளர் முகவரியைக் கொடுத்து, ஃபில்டரை உருவாக்கச் சொன்னோம். என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கும்: ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே, ‘அப்பர்’ என்று லேபிள் ஒட்டு. இந்த விதியில் சிக்குகிற கடிதம் சக்கை இல்லை, சோறு. லாட்டரிக்குப் போட்ட இன்னொரு விதியில் சிக்குவது சக்கை. இரண்டையும் தாங்குகிற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெருமை.

பழைய தமிழ் இந்த வேறுபாட்டை நன்றாகவே கவனித்திருக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய் அரிக்கும் பன்னாடை அது; நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். பாயின் கடிதத்தைப் பிடித்து வைத்த ஸ்பேம் பெட்டி அதையே தலைகீழாகச் செய்தது: கசடென்று எண்ணி நெய்யைப் பிடித்துக்கொண்டது.

அரித்தல், சலித்தல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று பிரித்தெடுக்க நமக்கு வினைகள் நிறைய. அஞ்சலுக்கு ‘சல்லடை’ என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் சல்லடை அளவு பார்த்துப் பிரிப்பது. அஞ்சலில் பார்ப்பது யார் அனுப்பினார், என்ன சொல் இருக்கிறது என்பதை. மென்பொருள்களில் ‘வடிப்பான்’ என்றும் காண்கிறோம். பிழையில்லை, ஆனால் ‘அவன் நாளைக்குக் கஞ்சி வடிப்பான்’ என்ற வினைமுற்றும் அதே வடிவம். படிக்கும்போது ஒரு கணம் தட்டுகிறது. நான் வடிகட்டி என்றே எழுதுகிறேன். வடிகட்டு, வடிகட்டினேன், வடிகட்டிய அஞ்சல் என்று எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. ‘வடிகட்டின கஞ்சன்’ என்று திட்டவும் அதுதான் வாயில் வருகிறது!

ஸ்பேம் விஷயம் வேறு. அது 1937-ல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் விற்கத் தொடங்கிய டின் பன்றி இறைச்சியின் பெயர். 1970-ல் பிபிசியில் வந்த, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் குழுவின் நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சி, பேச்சை மூழ்கடித்து அதே சொல் பாட்டாக வரும். 1978 மே மாதம் கேரி தூர்க் என்பவர் கணினி விற்பனைக்காக, இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 1990-களின் தொடக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டது.

தமிழ் இணையத்தில் ‘எரிதம்’ புழங்குகிறது. கேட்பவருக்கு எரிகிற ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். ‘குப்பை அஞ்சல்’ எளிதாகப் புரியும், ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் குப்பை நிலத்துக்கு அடிக்கும் எரு. அதற்கு மதிப்பு உண்டு. எனக்குப் பிடித்தது ‘வேண்டா அஞ்சல்’. வாடாமல்லி, பொய்யாமொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் தெரியாதவருக்கும் ‘எனக்கு வேண்டாம்’ என்ற குரல் அதில் கேட்கும். அதோடு, ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டியதாக இருக்கலாம் என்ற இடமும் உண்டு. பெட்டி தவறாகப் பிடித்ததை ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்தால் அது நம்மிடமிருந்து கற்றுக்கொள்வதும் இதனால்தான்.

பாய்க்கு இந்தச் சொல் ஆராய்ச்சியில் ஆர்வமில்லை. வடிகட்டி என்றதும் “ஓ, டீக்கு வைக்கிறதா” என்று பிடித்துக்கொண்டார். போன வாரம் போன் செய்தார்: “தம்பி, கரண்ட் பில்லுக்கும் ஒரு வடிகட்டி போட்டுக் குடு.”