கவைக்கொம்பு: ‘கொம்பு’ என்றால் போதாதா?

தங்கச்சியின் மகன் கொப்பியில் ஒரு மானைப் படைத்திருந்தான். பெயர் நிலாமான். கன்னியாப் பக்கத்துக் காட்டில் இரவில் மட்டும் மேயுமாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டாம். வயதுக்கு ஒரு கிளை விட்டு, சாகும்வரை விழாதாம்.

“மாமா, மானின் அன்ட்லருக்குத் தமிழ் என்ன?”

“கொம்புதான்.”

“அது மாட்டுக்கும்தானே இருக்கு?”

சரியான கேள்வி. மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. கிளைக்காது, ஆயுள் முழுதும் தலையிலேயே இருக்கும். மானுடையது முழுக்க எலும்பு. வளரும்போது இரத்தம் ஓடும் உரோமத்தோல் போர்த்தியிருக்கும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். பிறகு ஒருநாள் கொம்பே கழன்று விழும், அடுத்தது முளைக்கும்.

இதைப் படிக்கப் புத்தகம் வேண்டாம், திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை வாசலில் நின்றால் போதும். வெப்ப நாட்டுப் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. அதனால் வழுவழுப்பான கொம்போடு ஒன்று, பஞ்சு சுற்றியதுபோல் தடித்த கொம்போடு ஒன்று, மொட்டைத் தலையில் இரண்டு தழும்போடு ஒன்று என்று ஒரே காலையில் பார்க்கலாம். போன முறை என் கச்சான் சரையை மோப்பம் பிடித்து வந்த ஆண்மானுக்குக் கொம்புத் தோல் பாதி உரிந்து, இரத்தக் கறையோடு கந்தல் துணிபோல் கண்ணருகே தொங்கியது. பையன் இரண்டடி பின்வாங்கினான்.

அன்ட்லர் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘கண்ணுக்கு முன்னால் உள்ளது’ என்ற இலத்தீன் தொடரே அதன் வேர் என்பது பொதுவான விளக்கம். முதலில் அடிக்கிளைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். பிறகுதான் முழுக் கொம்புக்கும் ஆனது.

நம்மவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இல்லை. அகநானூறு இரலை மானின் கொம்பை ‘இரும்பு திரித்தன்ன மாயிரு மருப்பு’ என்கிறது. முறுக்கிய, கிளைக்காத கொம்பு. குறுந்தொகையில் குட்டிக்கு நிழலாக வெயிலில் நிற்கும் ஆண்மானோ ‘கவைத்தலை முதுகலை’. கவை என்றால் பிளவுபட்ட கிளை. கவட்டை, கவர்விடுதல் எல்லாம் அதே குடும்பம். ஆகவே அன்ட்லரைக் கவைக்கொம்பு என்றால் என்ன?

கம்பன் வழியும் ஒன்று உண்டு. மான்கொம்பு முளைத்த ரிசியசிருங்கரை அவர் கலைக்கோட்டு முனி ஆக்கினார். கோடு என்றால் கொம்பு. கலைக்கோடு எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் இன்றைய பிள்ளையிடம் சொன்னால் சித்திரப் பாடம் என்று நினைப்பான். தவிர, கலை என்பது ஆண்மான். பனி நாட்டுத் துருவமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டே!

உதிர்கொம்பு என்றும் சொல்லலாம், உயிரியல் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வட அமெரிக்காவில் மானைப் போன்ற பிராங்ஹார்ன் (pronghorn) என்ற விலங்கு கொம்பின் உறையை மட்டும் ஆண்டுதோறும் கழற்றும், எலும்பு அப்படியே நிற்கும். அதற்கும் உதிர்கொம்பென்று பெயர் வைத்துவிடுவார்கள். அதன் கொம்பும் கவர்விட்டதுதான், ஆகக் கவைக்கொம்பிலும் ஓட்டை இருக்கிறது. இளங்கலையின் முதற்கொம்பு வேறு கிளைக்காமல் ஒற்றை முளையாகத்தான் வரும். இருந்தாலும் என் தெரிவு கவைக்கொம்புதான். கேட்டவுடன் உருவம் கண்ணில் வருகிறது, புள்ளிமானுக்கும் பொருந்தும், மரைக்கும் பொருந்தும். (தமிழ்நாட்டார் கடமான் என்பதைத்தான் நாங்கள் மரை என்கிறோம்.)

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். பெண் நிலாமானுக்குக் கொம்பு இருக்கட்டும், அதில் பிழையில்லை. ஆனால் சாகும்வரை விழாதென்றால் அது கவைக்கொம்பு இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்த வரியை அழித்தான். ‘மாரி தொடங்கக் கவைக்கொம்பு விழும்’ என்று எழுதி, பக்கத்தில் கொம்பில்லாத நிலாமான் ஒன்றையும் கீறினான்.

அப்புறம் முகத்தைச் சுளித்தான். “இப்ப ஆடு மாதிரி இருக்கு மாமா.”