பிலிப்பைன்ஸ் கலை என்றால் மூங்கில் ஆட்டம் மட்டும்தானா?

பள்ளிகளில் பன்னாட்டுக் கலாசார நாள் வந்தால் பிலிப்பைன்ஸுக்கு என்று ஒரு மூங்கில் ஆட்டத்தை ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு கழிகள், நான்கு பிள்ளைகள், ஒரு துள்ளல் பாட்டு, கைத்தட்டல். மேடைக் கலை சொல்லித் தருகிறவன் என்பதால் இந்த ஐந்து நிமிடத்தைத் தயார் செய்து தரச் சொல்லி என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். மறுப்பதில்லை. கணக்கும் ஊரும் தெரியாமல் ஆட வேண்டாம் என்று மட்டும் அடம்பிடிப்பேன்.

அந்த ஆட்டத்தின் பெயர் டினிக்ளிங். விசயாஸ் பகுதியில் உள்ள லெய்ட்டி தீவோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வயலில் மூங்கில் பொறிகளுக்குச் சிக்காமல் தாவிப்போகும் டிக்ளிங் பறவையின் நடைதான் ஆட்டம். நம் கானாங்கோழிக்கு உறவுக்காரப் பறவை அது. தாளம் மூன்று எண்ணிக்கை. நம் பிள்ளைகளுக்கு 'தகிட, தகிட' என்றால் சட்டென்று பிடிபடும். 'த'வில் கழிகள் ஒன்றோடொன்று மோதும், கால் வெளியே. 'கி', 'ட' இரண்டிலும் கழிகள் விலகி அடிப்பலகையைத் தட்டும், கால் உள்ளே. அவ்வளவுதான் அடிப்படை.

அடிபடுவது பெரும்பாலும் கணுக்காலில்தான். அதற்குக் காரணம் ஆடுகிறவர்கள் அல்ல, கழி பிடிக்கிறவர்கள். உற்சாகத்தில் வேகம் கூட்டுவார்கள், கழியைப் பலகையிலிருந்து உயரத் தூக்கிவிடுவார்கள். அதனால் முதல் வகுப்புகள் முழுக்கக் கழிக்காரர்களுக்குத்தான். ஆடுகிறவர்கள் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பழகட்டும். கழியைப் பார்த்துக் கால் வைக்கிற பிள்ளை எப்போதும் ஒரு நொடி பிந்தும். காதால் கேட்டு வைக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் சினிமாப் பாட்டுக்குப் பொருந்தட்டும் என்று இதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி ஆடுவதுண்டு. உடற்பயிற்சிக்குச் சரி. ஆனால் அந்தப் பறவையின் தளுக்கு போய்விடும்.

இதற்கு வாசிக்கும் ரொண்டல்லா என்பது தந்தி வாத்தியக் குழு. பதினான்கு தந்திகள் கொண்ட பாண்டுரியா மெட்டை ஏந்த, லவுத், ஒக்டவினா, கிட்டார், டபுள் பாஸ் எல்லாம் கூட வரும். ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த வாத்தியங்கள்தாம். உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இதே ரொண்டல்லாவைச் சிங்கில் என்ற இன்னொரு ஆட்டத்துக்கும் ஒலிக்கவிடுவது நான் அடிக்கடி பார்க்கிற தவறு. சிங்கிலிலும் மூங்கில் உண்டு, விசிறி உண்டு, ஆகவே எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். சிங்கில் தெற்கே மிண்டனாவோ தீவில் வாழும் மராணாவோ முஸ்லிம் மக்களுடையது. மரபில் அரச குலப் பெண்கள் ஆடியது. கதை அவர்களது தராங்கன் காப்பியத்தோடு சேர்ந்தது. அதற்கு வாசிப்பது குலிந்தாங்: வரிசையாகக் கிடத்திய எட்டுச் சிறு குமிழ்க் கோங்குகள், பக்கத்தில் தொங்கும் அகுங் என்ற பெரிய கோங்கு, ஒரு முரசு. ஆடுபவள் கழிகளைப் பார்க்கவே கூடாது. முகம் அசையாது, விசிறி மட்டும் அலையும். காடே நடுங்கும்போதும் நிதானம் குலையாத இளவரசி அவள். டினிக்ளிங்கின் சிரிப்பை இங்கே கொண்டுவந்தால் ஆட்டமே கெட்டது.

சரி, நாடகத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஸ்பெயின் ஆட்சியில் தேவாலயத்தைச் சுற்றி இரண்டு வகை வளர்ந்தன. புனித வாரத்தில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் சினாகுலோ ஒன்று. கிறிஸ்தவ அரசர்களும் மூர் எனப்பட்ட முஸ்லிம் அரசர்களும் மோதும் கோமெத்யா இன்னொன்று: அணிவகுப்பு இசை, நடனம் போல அமைந்த வாள்சண்டை, கடைசியில் மூர் தரப்பின் மதமாற்றம். நம் கூத்து பார்த்தவர்களுக்கு இரவெல்லாம் நீளும் வீராப்பு வசனம் புதிதாக இருக்காது. ஆனால் அதில் முஸ்லிம்கள் எப்போதும் எதிரிதான் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே காட்டுவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினிலிருந்து சார்சுவேலா என்ற இசை நாடகம் வந்தது. ஓபராவில் ஏறக்குறைய எல்லாமே பாட்டு. சார்சுவேலாவில் வசனம் பேசுவார்கள், உணர்ச்சி முற்றும் இடத்தில் பாட்டுக்குத் தாவுவார்கள். பாய்ஸ் கம்பெனி நாடக மரபு நமக்குத் தெரியுமே, அதனால் இது எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

1902இல் செவெரினோ ரெயெஸ் எழுதி, ஃபுல்ஹென்சியோ டொலெந்தினோ இசையமைத்த 'வாலாங் சுகட்' தகலாக் மொழியில் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. தென்யோங்கும் ஹுலியாவும் காதலர்கள். பாதிரிகளின் கொடுமையில் தந்தையை இழந்த தென்யோங் புரட்சிப்படைக்குப் போகிறான். ஹுலியாவுக்கு வேறொருவனோடு கல்யாணம் நிச்சயமாகிறது. மணநாளில் குற்றுயிராகத் தூக்கிவரப்படும் தென்யோங், சாவதற்குள் அவளை மணக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். தாலி கட்டாத ஊர், மந்திரம் முடிந்தால் கல்யாணம் முடிந்தது. அடுத்த கணம் அவன் எழுந்து நிற்கிறான். உடம்பில் ஒரு காயமும் இல்லை. தலைப்பும் அதைத்தான் சொல்கிறது.

அந்த ஆண்டுகளில் மேடை வெறும் காதலோடு நிற்கவில்லை. ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்திருந்தது. சுதந்திரம் பேசினால் ராஜதுரோகம். ஆகவே நாடகக்காரர்கள் தந்திரம் செய்தார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை உடையில் தனித்தனியாக நடமாடும் பாத்திரங்கள் ஏதோ ஒரு காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஒரு கணம் பிலிப்பைன்ஸ் கொடி தெரியும். கூட்டம் ஆரவாரிப்பதற்குள் கலைந்துவிடுவார்கள். 1903இல் தன் நாடகத்துக்காக அவுரேலியோ டொலெந்தினோ கைதானார். ஒத்திகையில் நடிகர்களின் இடமாற்றத்தைச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பாட்டு என்றால் குண்டிமான் என்ற காதல் பாட்டு வகைதான். மெதுவான மூன்றெண்ணித் தாளம். மேற்கத்திய இசையின் சோகச் சாயலுள்ள மைனர் ஸ்வரவரிசையில் ஏக்கமாகத் தொடங்கி, பின்பாதியில் வெளிச்சமான மேஜருக்கு மாறும். நிக்கனோர் அபெலார்டோவும் ஃபிரான்சிஸ்கோ சந்தியாகோவும் இதைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தினார்கள். அந்த மாற்றம் வரும் இடத்தில் குரலைக் கூட்டிவிடாதீர்கள். வெளிச்சம் ஸ்வரத்திலேயே இருக்கிறது. குண்டிமான் ராணி என்றால் அதாங் தெ லா ராமா. 1919இல் 'தலாகாங் புக்கிட்' மௌனப்படமாக வந்தபோது அரங்குக்கே வந்து நேரில் பாடியவர்.

ஓபரா எண்ணிக்கையில் குறைவு. பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் நாவலை வைத்து ஃபெலிப்பே பதில்லா தெ லியோன் அமைத்த 'நோலி மெ தாங்கெரே' 1957இல் மேடையேறியது. அதில் பித்துப்பிடித்த தாய் சிசாவின் பாட்டு சோப்ரானோ என்னும் உச்சக்குரல் பாடகிகளுக்கு ஒரு தேர்வு மாதிரி.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1980இல் வந்த 'ராம ஹரி'. ராமாயணம்தான்; ரயான் கயாப்யாப்பின் ராக் இசை, பியென்வெனிதோ லும்பேராவின் பாடல்வரிகள், ஆலிஸ் ரெயெஸின் பாலே. மராணாவோ மக்களிடம் 'மஹாராதியா லாவனா' என்று ராவணன் பெயரிலேயே ஒரு பழங்கதை உண்டு என்பதால் கதை அங்கே புதிதும் இல்லை. நமக்கும் கதை தெரியும். தகலாக் புரியாவிட்டாலும் யார் பாடுகிறார், ஏன் பாடுகிறார் என்று பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் 'வாலாங் சுகட்'டுக்குப் போங்கள்.