பிக்கப் இல்லாத வண்டியும் பிக் அப் ஆகும் வியாபாரமும்

நாம் தமிழில் 'பிக்கப்' என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். வண்டி சட்டென்று வேகம் எடுக்காவிட்டால் 'பிக்கப் இல்லை' என்போம். ஆபீஸ் கேப் பற்றிக் கேட்க வேண்டுமானால் 'பிக்கப் உண்டா, டிராப் மட்டுமா?' ஆங்கிலத்தின் 'பிக் அப்' (pick up) இதோடு நிற்பதில்லை; இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பெங்களூரு அலுவலகத்துக்குள் போனால் முதல் வாரமே திணறல்தான். புரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் வம்பு.

எலெக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்டு பக்கம் அலுவலகங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருவது என் தொழில். ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் ஒரு தம்பிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து மெயில்: 'லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே.' திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள், அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டு, ஊருக்குப் போகாமல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து செய்திருக்கிறார். அவர்கள் சொன்னது 'இப்போது இதோடு விடுவோம், திங்களன்று தொடருவோம்' என்று. நிறுத்தின இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதற்கு இது தினப்படி வழக்கு.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. காலை மீட்டிங்கில் 'ஹூ கேன் பிக் திஸ் அப்?' என்று மேனேஜர் கேட்டால், இந்த வேலையை யார் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். மரியாதைக்காக 'ஐ வில் பிக் இட் அப்' என்று சொல்லிவிட்டால் அந்த வேலை உங்கள் பெயரில் ஏறிவிடும். அப்புறம் 'நான் சும்மா சொன்னேன்' என்பதெல்லாம் எடுபடாது.

அகராதியைத் திறந்தால் 'பிக் அப்'புக்கு ஒரு நீளப் பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பசி எடுக்கிறது, லீவு எடுத்தாள், மார்க் எடுத்தான், படம் எடுக்கிறார்கள், அந்த வீட்டில்தான் பெண் எடுத்தோம் என்கிறோம். 'எடு' ஒன்றுதான், ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள். எதை பிக் அப் செய்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தை என்றால் தூக்குவது, அல்லது பள்ளியிலிருந்து கூட்டி வருவது. பார்சல் என்றால் போய் வாங்கி வருவது. கன்னடம் என்றால், வகுப்புக்குப் போகாமல் அல்சூர் கடைத்தெருவில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வது. சளி என்றால் தொற்றிக்கொள்வது. ஹோட்டல் பில் என்றால் எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது. மைக் என்றால் சத்தத்தை உள்வாங்குவது: வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது 'யுவர் மைக் இஸ் பிக்கிங் அப் சம் நாய்ஸ்' என்று சொன்னால், அடுப்படியில் குக்கர் விசில் அடிப்பது அமெரிக்கா வரைக்கும் கேட்கிறது என்று அர்த்தம். செய்தித்தாளில் போலீஸ் ஒருவரை பிக் அப் செய்தார்கள் என்று வந்தால், விசாரணைக்குப் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

எதை என்று சொல்லாமல் மொட்டையாக வந்தால்? வியாபாரம், விற்பனை பிக் அப் ஆனால் சூடு பிடிக்கிறது. காற்று பிக் அப் ஆனால் பலமாக வீசுகிறது. ஆள் பிக் அப் செய்தால் ஃபோனை எடுக்கிறார்.

ஃபோன் விஷயத்தில் நாம் எல்லோரும் ஒரு காரியம் செய்கிறோம். 'ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்.' இந்தியாவுக்குள் யாருக்கும் இது உறுத்தாது. நம் ஊர் ஆங்கிலத்தில் நன்றாக ஊன்றிவிட்டது. வெளிநாட்டுக்காரர் காதில் 'அப்' இல்லாத 'பிக்' என்றால் தேர்ந்தெடுப்பது, இல்லாவிட்டால் பூப்பறிப்பது. அவர்களிடம் பேசும்போது 'ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது 'ஆன்ஸர்' என்ற சொல்லைப் போடுங்கள்.

இட், தெம், ஹிம் போன்ற குட்டிச் சொற்கள் நடுவில்தான் உட்காரும். 'பிக் இட் அப்' சரி, 'பிக் அப் இட்' தப்பு. ஆனால் கூடவே 'ஆன்' ஒட்டிக்கொண்டால் ஒழுங்கு மாறும்: 'ஷீ பிக்ட் அப் ஆன் இட்' என்றால், யாரும் சொல்லாமலே அவள் அதைக் கவனித்துவிட்டாள் என்று பொருள். வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். கேப் பிக்கப், பிக்கப் டிரக் என்று பெயராகச் சொன்னால் 'பிக்' மேல் விழும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பேச்சு தெளிவாகக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பாரில் ஒரு பெண்ணை 'பிக் அப்' செய்தேன் என்றால், சும்மா வண்டியில் ஏற்றிக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சக ஊழியரை வழியில் ஏற்றி வந்ததைச் சொல்ல 'கேவ் ஹெர் எ லிஃப்ட்' பத்திரமானது.

அப்புறம், அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் 'பிக் அப் ஆஃப்டர் யுவர் பெட்'. நாயைப் பிற்பாடு வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று அதை விளக்கியவர்கள் என் வகுப்பில் உண்டு. நாய் போட்டதை நாய்க்காரரே அள்ள வேண்டும் என்கிறது அந்த போர்டு.