சிங்கக் குட்டிக்குப் பால் கொடுக்கக் காசு கட்டும் முன்

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் எங்கள் வன்னிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் எங்கள் அலுவலகத்தையும் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். அண்மைக்காலமாக அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "டொக்டர், வெளிநாட்டுக்குப் போய் காட்டு விலங்குகளோடு தொண்டர் வேலை செய்யலாமா?" கைபேசியில் படமும் காட்டுவார்கள். ஒரு மாணவியின் மடியில் சிங்கக் குட்டி, அதன் வாயில் பால் போத்தல். இரண்டு கிழமைக்குக் கேட்கிற காசைப் பார்த்தால், அப்பா ஒரு போக நெல் விற்றாலும் காணாது.

நல்ல ஆசைதான். போகவேண்டாம் என்று நான் யாரையும் மறிப்பதில்லை. ஆனால் காசு கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே, வளர்ந்த பிறகு இது எங்கே போகும்?

தென்னாபிரிக்காவில் இதற்குக் கிடைத்த பதில் கொடுமையானது. பிறந்து சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்த குட்டிகளைக் காசு கட்டி வந்த தொண்டர்கள் வளர்த்தார்கள். மனிதர் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விடமுடியாது. வளர்ந்தவற்றில் பல, வேலியடைத்த இடத்தில் வேட்டைக்காரருக்கு விற்கப்பட்டன; எலும்புகூட ஏற்றுமதியானது. இந்த வளர்ப்பையே நிறுத்தவேண்டும் என்று அந்நாட்டு அரசு அமைத்த குழு 2021 இல் பரிந்துரைத்தது. தாய்லாந்தில் புலிகளை வைத்திருந்த 'புலிக் கோயில்' என்ற பௌத்த மடத்திலும் வெளிநாட்டுத் தொண்டர்கள் இருந்தார்கள். 2016 இல் அங்கிருந்து 137 புலிகளை அதிகாரிகள் மீட்டபோது, குளிரூட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன.

நல்ல இடம் எப்படியிருக்கும் என்று பார்க்க உடவளவைக்குப் போனாலே போதும். 1995 இல் வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையம் அங்கே இருக்கிறது. மூன்று மணிக்கு ஒருதரம் பால் கொடுப்பார்கள். பார்க்க வருகிறவர் தள்ளி நின்றுதான் பார்க்கலாம், தொட முடியாது. வளர்ந்த குட்டிகள் காட்டுக்குத் திரும்பிப் போகின்றன. தொட விடாத இடத்தை நம்புங்கள். நோய் எங்களிடமிருந்து விலங்குக்கும் போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மனிதரின் காசநோய் யானைக்குத் தொற்றும்.

மருந்து விஷயத்தில் இன்னும் கவனம். நீங்கள் இன்னும் பதிவுபெற்ற வைத்தியர் இல்லை. ஆபிரிக்காவில் யானை, காண்டாமிருகங்களை மயக்கப் பாவிக்கும் எட்டோர்பின் மிகச் சிறிய அளவு உடலுக்குள் போனாலே மனிதரின் மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் அனுபவமுள்ளவர்களே போத்தலைத் திறப்பார்கள். மயக்க ஊசியை மாணவர் கையில் கொடுக்கும் இடமென்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுங்கள். அப்புறம், விசர்நாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போங்கள். போட்டிருந்தாலும் விலங்கு கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வனவிலங்கு வேலை என்றால் என்னவென்று வன்னியிலேயே பார்க்கலாம். போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பசு, பன்றிக்காகப் பூசணிக்காய்க்குள் வைத்த வெடியைக் கடித்துவிட்டது. கீழ்த்தாடை பிளந்து, நாக்கு கிழிந்து, புண்ணில் புழு வைத்திருந்தது. வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைக்கும், உறிஞ்ச முடியாமல் எடுக்கும், திரும்பவும் வைக்கும். வீட்டுக்கார அம்மா கயிற்றைப் பிடித்தபடி பேச்சில்லாமல் நின்றார். கூட வந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: இதே வெடி காட்டில் யானைக்கும் இதைத்தான் செய்கிறது, அது எங்கள் வாளிக்கு வராது, பட்டினி கிடந்து சாகும். வெடி வைத்தவர் கெட்டவரும் இல்லை, ஒரு இரவில் பயிர் போனால் அவருக்கு அந்த வருசமே போய்விடும். 2018 இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரே கூடி அடித்துக் கொன்றதை நினைத்துப் பாருங்கள். மயக்க ஊசி போடுவதற்கு முன் சனத்தை விலக்கத் தெரியவேண்டும், அவர்களோடு பேசத் தெரியவேண்டும்.

வெளிநாட்டுக்குப் போவதென்றால், எச்சம் சேகரிப்பது, கமராப் படங்களைப் பார்த்துக் கணக்கெடுப்பது, கூடு கழுவுவது போன்ற வேலை தரும் இடத்தைத் தேடுங்கள். பொறுப்பான வைத்தியர் யார், போன வருடம் எத்தனை விலங்குகளைக் காட்டில் விட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை என்னிடம் கொண்டுவாருங்கள், காசு கட்டும் முன் சேர்ந்திருந்து வாசிப்போம்.