வெட்சூட்டுக்கு அளவெடுக்கும்போது லூஸ் விடாதீர்கள்

சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டதும் உள்ளே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். அந்த இரண்டு விரல் இடம்தான் சட்டைக்குள் காற்று வரவும் கையைத் தாராளமாகத் தூக்கவும் உதவுகிறது. கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்கள் குளிருக்குப் போடும் ரப்பர் உடைதான் வெட்சூட். அதே கைப்பழக்கத்தில் அதற்கும் அளவெடுத்துக் கொடுத்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தைத்தது தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே நனைந்த சாக்காகிவிடும்.

காசிமேடு துறைமுகத்தில் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட வலையை அறுக்க இறங்குகிறவர்களும், கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் கூரிய ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசைச் சுரண்டுகிறவர்களும் முழுக்கைச் சட்டை, லெக்கிங்ஸோடு குதிப்பது சாதாரணம். ‘மெட்ராஸ் கடலில் என்ன பெரிய குளிர்?’ என்ற கேள்வியும் நியாயமானதாகத்தான் தோன்றும். மே மாதத்தில் கடலின் மேல்மட்டத் தண்ணீர் 29, 30 டிகிரி இருக்கும். வாடைக் காற்று அடிக்கிற ஜனவரியில் 25, 26க்கு இறங்கும். ஆனால் தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கும் உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க 33 டிகிரிக்கு மேல் வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 24 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 26 டிகிரி காற்றில் மின்விசிறி போட்டுக்கொண்டு உட்காருகிற அதே ஆள், 26 டிகிரி தண்ணீரில் நெடுநேரம் வேலை செய்தால் குளிர் ஏறித் தவிப்பார். இதோடு கொட்டலசின் கீறலையும் ஜெல்லி மீன் கொட்டுவதையும் சேர்த்துக்கொண்டால், சூட் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘நனைந்த உடை’ என்று பொருள்படும் வெட்சூட் என்ற பெயரே ஒரு தவறான எண்ணத்தை வளர்த்துவிட்டது. உள்ளே புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, அதுவே போர்வைபோல் காக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். காப்பது தண்ணீர் அல்ல, வெட்சூட் தைக்கும் நியோபிரீன் என்ற பொருளுக்குள் அடைபட்டிருக்கும் வாயு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டது இதைத்தான். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் வாயு துணிக்குள்ளேயே இருந்தால் போதும் என்றார் அவர். நியோபிரீன் என்பது செயற்கை ரப்பர். அதை நுரைக்க வைத்து, ஒன்றோடொன்று கலக்காத கோடிக்கணக்கான நைட்ரஜன் குமிழிகளை உள்ளே அடைக்கிறார்கள். இந்த நுரை ரப்பர், தண்ணீர் கடத்தும் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் கடத்தும்.

அப்படியானால் சூட்டுக்குள் புகுந்த தண்ணீர் என்ன செய்கிறது? மெல்லிய படலமாக ஒரே இடத்தில் நின்றால் ஒரு கெடுதலும் இல்லை. ஒருமுறை சூடானதோடு சரி. சூட் லூஸாக இருந்தால்தான் வினை. கையைத் தூக்கும்போது அக்குளில் பள்ளம் விழுந்து குளிர்ந்த நீர் உள்ளே வரும், கையை இறக்கும்போது சூடான நீர் கழுத்து வழியே வெளியே போகும். கைப்பம்பு அடிப்பதுபோல் ஒவ்வொரு அசைவும் உடம்பின் சூட்டைக் கடலுக்கு வாரி விட்டுக்கொண்டே இருக்கும். உடம்போடு ஒட்டிய 3 மில்லிமீட்டர் கனமுள்ள சூட், தொளதொளத்த 5 மில்லிமீட்டரைவிடச் சூடாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் கடலுக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். 5 வாங்கினால் விறைப்பும், கரையில் வியர்வையும், மிதக்காமல் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் கூடுதல் ஈயமும்தான் மிச்சம்.

ரெடிமேட் சூட் எல்லாருக்கும் பொருந்தாததில் வியப்பில்லை. வலை இழுத்து வளர்ந்த உடம்பில் மார்பு 40 அங்குலமும் இடுப்பு 30 அங்குலமும் இருக்கலாம். கெண்டைக்கால் மெலிந்திருக்கும். மார்புக்கு ஏற்ற சைஸ் எடுத்தால் இடுப்பிலும் கணுக்காலிலும் தண்ணீர் ஓடும், இடுப்புக்கு எடுத்தால் மூச்சு முட்டும். அளவு கொடுத்துத் தைக்கச் சொல்வது இப்படிப்பட்ட உடம்புக்குத்தான்.

அளவெடுப்பதற்கு ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ பழக்கமான தையல்காரர் ஒருவரின் கை போதும். ஆனால் அவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: லூஸும் விடாதீர்கள், இறுக்கவும் செய்யாதீர்கள், உடம்பு எவ்வளவோ அவ்வளவு. நியோபிரீன் இழுபடும். அதனால் இந்த அளவை வாங்கி வெட்சூட் தைக்கிறவர் உடம்பளவைவிடச் சிறியதாகத்தான் வெட்டுவார். எவ்வளவு குறைப்பது என்பது அவர் எடுக்கும் ரப்பரின் இழுவையைப் பொறுத்தது, அது அவருடைய கணக்கு. நீங்களும் உங்கள் பங்குக்கு அரை அங்குலம் குறைத்துக் கொடுத்தால் இரண்டு குறைப்பும் சேர்ந்துகொள்ளும்.

உடம்பில் ஜட்டி மட்டும் இருக்கட்டும். லுங்கி மடிப்பின்மேல் எடுத்த இடுப்பளவு எதற்கும் உதவாது. உங்களுக்கு நீங்களே எடுக்கக் கூடாது. குனிந்து டேப்பைப் பார்த்த மாத்திரத்தில் மார்பும் வயிறும் மாறிவிடும். வயிற்றை எக்காமல் இயல்பாக மூச்சுவிட்டபடி நில்லுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், பள்ளம் விழக் கூடாது. எல்லா அளவையும் சென்டிமீட்டர் பக்கத்தில் நேரடியாகப் படியுங்கள். ‘முப்பத்தெட்டரை’ என்று வாயால் சொல்லி, தாளில் எழுதி, பிறகு சென்டிமீட்டராக மாற்றும் வழியில்தான் தப்பு நுழைகிறது. 38½ அங்குலம் என்பது 97.8 சென்டிமீட்டர், அதை 38.5 சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

கழுத்து, மார்பு, வயிறு, இடுப்பு, தொடை, முட்டிக்கு மேல், முட்டிக்குக் கீழ், கெண்டைக்கால், கணுக்கால், புஜம், முழங்கை, மணிக்கட்டு என்று சுற்றளவே ஒரு டஜன் இருக்கும். பெண்களுக்கு மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவும் தேவை. சுற்றளவுகளில் பெரும்பாலும் யாரும் சறுக்குவதில்லை. சறுக்குவது உடலைச் சுற்றும் நீளத்தில். தோளின் நடுவில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கவட்டை வழியாகப் பின்னால் கொண்டுபோய், முதுகில் ஏற்றி, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். சட்டை தைக்கிறவருக்குப் பழக்கமே இல்லாத அளவு இது. இது குறைந்துபோனால் சூட் தோளைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், அரை மணியில் தோள்பட்டை கடுக்கும். கூடினால் கவட்டையில் துணி தொங்கி, அடி எடுத்து நீந்தும்போதெல்லாம் தண்ணீரை அள்ளும். இதை மட்டுமாவது மூன்று முறை எடுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் எடுங்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சட்டையில் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டு வைத்திருப்பார்கள், உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். வெட்சூட்டில் அப்படி மிச்சமே கிடையாது. இரண்டு துண்டுகளின் விளிம்பிலும் பசையைத் தடவிக் காயவிட்டு, விளிம்போடு விளிம்பு முட்டவைத்து ஒட்டுவார்கள். அதன்மேல் ஊசி ரப்பரின் பாதிக் கனம் வரைதான் இறங்கி ஏறும். மறுபக்கம் துளை விழாததால் தண்ணீரும் கசியாது. இதைவிட மலிவானது தட்டைத் தையல். தோலை உறுத்தாது, ஆனால் ஊசி முழுக்கத் துளைத்திருப்பதால் கொஞ்சம் கசியும். நம் தண்ணீருக்கு அதுவும் பரவாயில்லை. வழவழப்பான ரப்பர் வெளியே தெரியும் சூட் மட்டும் துறைமுக வேலைக்கு வேண்டாம். நகம் பட்டாலே கிழியும், கொட்டலசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருபுறமும் நைலான் ஒட்டியதாகவும், முட்டியில் தடித்த பட்டை வைத்ததாகவும் கேளுங்கள்.

சூட் வந்ததும் நண்பகல் வெயிலில் போட்டுப் பார்க்காதீர்கள், மயக்கம் வரும். காலையிலோ மின்விசிறிக்கு அடியிலோ போடுங்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நகத்தால் கிள்ளி இழுக்காமல், விரல் நுனியின் சதையால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கவட்டை முழுதாக ஏறி உட்கார்ந்த பிறகே கையை நுழைக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் நல்ல சூட்கூடக் குட்டையாகத் தோன்றும்.

ஜிப்பைப் போட்டதும் முதுகின் கீழ்ப்பள்ளத்தில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். கை நிறைய வந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், குத்துக்காலிட்டு உட்காருங்கள், ஆழமாக மூச்சை இழுங்கள். தரையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது சரிதான், தண்ணீரில் இளகும். முட்டிக்குப் பின்னால் சுருக்கம் விழுவதும் சரியே. கழுத்து மட்டும் விதிவிலக்கு. அங்கே இறுகினால் கழுத்து நாடியில் இரத்த அழுத்தத்தை உணரும் இடம் அமுங்கி, நாடித் துடிப்பு குறைந்து, தலை சுற்றும். தண்ணீருக்கு அடியில் அது உயிருக்கே ஆபத்து. தலை லேசாகச் சுற்றினாலும் அந்த சூட்டோடு இறங்காதீர்கள்.

இடுப்பில் கட்டும் ஈயத்தின் கணக்கும் வெட்சூட்டோடு மாறும். தலை, கை, பாதம் போக உடம்பின் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 மில்லிமீட்டர் கனத்தில் சூட் பிடிக்கும் இடம் 4.5 லிட்டர். வெட்சூட்டின் எடை போக, அது உங்களை 3 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். மிதப்பும் குறையும், உடம்புச் சூட்டைக் காக்கும் வலுவும் குறையும். மேலே சரியாக இருந்த ஈயம் அடியில் கனப்பது இதனால்தான்.

துறைமுகத் தண்ணீரில் டீசல் படலம் மிதக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு அலசி, நிழலில் அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தார்க் கறை போகட்டும் என்று பெட்ரோலைத் தொட்டுத் துடைத்தால் கறையோடு பசையும் இளகித் தையல் வாய் பிளக்கும்.

புது சூட்டோடு முதலில் இறங்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். குளிர்ந்த நீர் எங்கே ஓடுகிறது என்று தோலே சொல்லிவிடும். கரையேறியதும் அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, படம் எடுத்துத் தைத்தவருக்கு அனுப்புங்கள். லூஸாக இருந்தால் அங்கே வெட்டி மறுபடி ஒட்டிவிடலாம். டைட்டாக இருந்தால் நடுவில் வேறு பட்டை வைத்துத்தான் ஒட்ட வேண்டும், அதற்குக் கூலியும் அதிகம், தையலும் இரண்டாகும்.