லெவீ: அணையா, கரையா?

2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்ததைப் பற்றி எழுதும்போது, 'அணை உடைந்தது' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அங்கே உடைந்தது அணை அல்ல, லெவீ. அணை ஆற்றுக்குக் குறுக்கே நின்று தண்ணீரைத் தேக்குவது. லெவீ ஆற்றையோ ஏரியையோ ஒட்டி நீளவாக்கில் போய், தண்ணீரை ஊருக்குள் விடாமல் தடுப்பது.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'உயர்த்தப்பட்டது' என்று பொருள். 1718இல் மிசிசிப்பி ஆற்றின் வளைவு ஒன்றில் பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸை நிறுவினார்கள். ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி ஓரத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அந்த ஊர் வழியாகத்தான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அரசு கொள்முதலில் நம் விவசாயிகள் கேட்டுப் பழகிய 'லெவி நெல்' இருக்கிறதே, அந்த லெவிக்கும் இதே வேர்தான்.

சரி, அணை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆகஸ்ட் 29 அன்று நடந்ததையே பாருங்கள். நகரில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. மழைநீரை இறைத்து, கால்வாய்கள் வழியாக வடக்கே உள்ள பான்சர்ட்ரெயின் ஏரிக்கு அனுப்புவார்கள். சூறாவளி ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்த, தண்ணீர் அதே கால்வாய்களில் ஏறி நின்றது. கால்வாய் ஓரங்களில் இருந்தவை மண்ணில் இறக்கிய எஃகுத் தகடுகளும் அவற்றின்மேல் கட்டிய கான்கிரீட் சுவரும். 17ஆம் தெருக் கால்வாயில் தண்ணீர் சுவரின் உச்சியை எட்டவே இல்லை. அடியிலிருந்த இளகிய களிமண் சறுக்கியது, சுவர் அதோடு நகர்ந்து பிளந்தது. லண்டன் அவென்யூ கால்வாயிலும் உச்சியைத் தொடும் முன்பே உடைப்பு. நகரத்தின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. நீரேற்று நிலையங்களே மூழ்கிப்போனதால், முழுவதையும் இறைத்து முடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. 2000 கணக்கெடுப்பில் 4.84 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010இல் 3.43 லட்சம்.

தமிழில் 'கரை புரண்டது' வேறு, 'கரை உடைந்தது' வேறு. முன்னது வெள்ளத்தின் மிகுதியைச் சொல்லும். பின்னது கரையின் பலவீனத்தைச் சொல்லும். இந்த இரண்டு கால்வாய்களிலும் கரை புரளவில்லை, உடைந்தது. அவற்றை வடிவமைத்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, குறை வடிவமைப்பில்தான் என்று 2006இல் ஒப்புக்கொண்டது. 'இயற்கைச் சீற்றம்' என்று மட்டும் எழுதி நகர்ந்தால், வீடிழந்தவர்களுக்கு அது அநியாயம். அதே நாளில் இண்டஸ்ட்ரியல் கால்வாயில் நடந்தது இன்னொரு வகை: தண்ணீர் சுவரைத் தாண்டி விழுந்து, மறுபக்க மண்ணை அரித்து, அப்புறம் சுவரையே சாய்த்தது. லோயர் நைன்த் வார்டின் வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்தது அங்கேதான். அதைக் கரை புரண்டு உடைந்தது என்று தயங்காமல் எழுதலாம்.

ஆகவே லெவீக்கு 'வெள்ளத் தடுப்புக் கரை' சரியாகப் பொருந்தும். இடம் தெளிவாக இருந்தால் 'கரை' என்றாலே போதும். கான்கிரீட்டால் ஆனதை 'வெள்ளத் தடுப்புச் சுவர்' எனலாம். 'தடுப்பணை' வேண்டவே வேண்டாம், அது ஓடைக்குக் குறுக்கே கட்டுவது. உடைப்பைச் சரிசெய்வதற்கு 'அடைத்தல்' என்ற வினை நம்மிடம் உண்டு. வந்திக் கிழவியின் பங்குக்குச் சிவன் பிட்டு வாங்கித் தின்று மண் சுமந்தது வைகைக் கரையை அடைக்கத்தானே. 17ஆம் தெருவில் ஹெலிகாப்டரிலிருந்து ராட்சத மணல் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள்.